லா ஷப்பெல் மேம்பால மெட்ரோ நிலையம்: புதுச்சேரியில் இருந்து பாரிஸ் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் பாரிஸில் சொந்தம் உள்ள வீடுகள் நிறைய. விசா கைக்கு வந்ததும் அந்த வீடுகளில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றில் பாதி, தமிழ்க் கடைகளுக்கு நடுவே இரும்புப் பாலத்தின் மேல் நிற்கும் லா ஷப்பெல் நிலையத்தைப் பற்றியவை. வழி கேட்பவர்களும் உண்டு, அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் இங்கே.

லா ஷப்பெல்னா எது? கடைத்தெரு பேரா, ஸ்டேஷன் பேரா?

இரண்டும். ஷப்பெல் என்றால் பிரெஞ்சில் சிற்றாலயம். லா ஷப்பெல் முன்பு பாரிஸுக்கு வெளியே இருந்த தனிக் கிராமம். 1429இல் பிரெஞ்சு வீராங்கனை ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) பாரிஸைத் தாக்குவதற்கு முன் அங்கிருந்த தேவாலயத்தில்தான் பிரார்த்தனை செய்தார். 1860இல் அந்தக் கிராமம் நகரத்தோடு சேர்க்கப்பட்டது.

இன்று நம்மவர்கள் “லாச்சப்பல்” என்று சொல்வது நிலையத்துக்குத் தெற்கே உள்ள ஃபொபூர் சேன் துனி தெருவையும் அதை ஒட்டிய காய் தெரு, பெர்தொனே தெருப் பக்கத்தையும். ஈழத்தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு அது. நிலையம் அதன் வடக்கு முனையில், மெட்ரோவின் 2ஆம் தடத்தில் இருக்கிறது.

மெட்ரோன்னா பூமிக்கு அடியிலதானே? இது மட்டும் ஏன் மேல போகுது?

2ஆம் தடம் ஏறக்குறைய 12.4 கிலோமீட்டர், 25 நிலையங்கள். அதில் பாலத்தின் மேல் இருப்பவை நான்குதான்: பர்பெஸ்-ரோஷ்ஷுவார், லா ஷப்பெல், ஸ்டாலின்கிராத், ஜோரேஸ். இந்த நான்கும் வரிசையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பர்பெஸுக்கும் லா ஷப்பெலுக்கும் நடுவே வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள் பள்ளத்தில் ஓடுகின்றன. லா ஷப்பெலுக்கும் ஸ்டாலின்கிராத்துக்கும் நடுவே கிழக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள். அதையும் தாண்டினால் சேன் மர்த்தேன் கால்வாய். ஆக, தெருவுக்குச் சற்றே அடியில் வரும் சுரங்கத்தை இரண்டு பள்ளங்களும் ஒரு கால்வாயும் மறிக்கின்றன.

ஒவ்வொன்றையும் தாண்டும்போது மட்டும் மேலே வந்துவிட்டு மறுபடி இறங்கினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் விடை தெரியும். பாரிஸ் மெட்ரோவில் பொதுவாக அனுமதித்த சரிவு 100 மீட்டருக்கு 4 மீட்டர். தரைக்கு 6 மீட்டர் கீழிருந்து 6 மீட்டர் மேலே ஏற 300 மீட்டர் வேண்டும், இறங்க இன்னொரு 300. வடக்குத் தண்டவாளத்துக்கும் கிழக்குத் தண்டவாளத்துக்கும் இடையில் அவ்வளவு தூரமே இல்லை, அதற்குள் ஒரு நிலையமும் வேண்டும். அதனால் ஒரே முறை ஏறி, எல்லாவற்றையும் தாண்டி, ஜோரேஸுக்கு அப்பால் இறங்குவதே சரியான வழி. பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

பாலத்துக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பழைய கோட்டைமதில் இருந்த தடத்தில்தானே நம் புதுச்சேரியின் புல்வார் சாலை ஓடுகிறது? அங்கேயும் அதே கதை. பாரிஸைச் சுற்றி வரி வசூலுக்காக எழுப்பிய மதில் ஒன்று இருந்தது. 1860வாக்கில் அதை இடித்ததும் அந்த இடம் அகலமான புல்வாராக மாறியது. அதன் நடுத்திட்டில் தூண்களை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் வண்டி போக வழி மிஞ்சியது.

எப்போ கட்டினது? யார் கட்டினாங்க?

பாரிஸ் மெட்ரோவின் முதல் தடம் 1900 ஜூலை 19இல் திறந்தது. 2ஆம் தடம் துண்டு துண்டாக வந்தது. ஆன்வேர் நிலையத்தில் இருந்து கிழக்கே நீண்ட துண்டு 1903 ஜனவரி 31இல் திறந்தபோது நான்கு மேம்பால நிலையங்களும் சேர்ந்தே பயன்பாட்டுக்கு வந்தன.

தலைமைப் பொறியாளர் ஃபுல்ஜான்ஸ் பியன்வெனு. இளம் வயதில் ரயில்பாதை வேலை ஒன்றில் நடந்த விபத்தில் இடது கையை இழந்தவர். பாரிஸ் மெட்ரோவையே கட்டி எழுப்பியவர் என்று அவரைச் சொல்வது மிகையில்லை. பாலத்துக்கும் மேம்பால நிலையங்களுக்கும் உருவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ழான் கமீய் ஃபொர்மிழே. பொறியாளர் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அது வெறும் சரக்குப் பாலமாக நின்றிருக்கும். நகர நடுவே நிற்கப்போவது என்பதால் அழகுக்கென்றே ஒருவரை அமர்த்தினார்கள். நம் ஊரில் மேம்பாலம் கட்டும்போதும் இப்படி ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

உலகத்துலயே முதல் மேம்பால ரயில் இதுதான்னு மாமா சொல்றாரு. சரியா?

இல்லை. நியூயார்க்கில் 1868இலேயே வந்துவிட்டது. சிகாகோவில் 1892இல், லிவர்பூலில் 1893இல். லிவர்பூலில் ஓடியது மின்சார ரயில். பாரிஸ் அந்த நகரங்களின் இரைச்சலையும் இருட்டடைந்த தெருக்களையும் பார்த்துவிட்டு, கூடியவரை சுரங்கத்தையே தேர்ந்தெடுத்தது.

அந்தப் பாலத்தைத் தாங்குறது எது? 120 வருஷமா எப்படி நிக்குது?

கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், எல்லாம் திறந்தே தெரியும். ரயிலின் கனம் தண்டவாளம் வழியாக ஜல்லிக்கும், ஜல்லியில் இருந்து குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே கட்டிய சிறு சிறு செங்கல் வளைவுகளுக்கும் இறங்குகிறது. நம் பழைய வீடுகளில் மெட்ராஸ் ஒட்டு போட்ட தளத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. உத்திரத்துக்கு உத்திரம் செங்கல்லால் மூடுகிற அதே எண்ணம்தான், இங்கே உத்திரம் எஃகு. குறுக்குச் சட்டங்கள் இரண்டு பக்கமும் உள்ள பின்னல் உத்திரங்களில் உட்கார்ந்திருக்கின்றன. அவை தூணில் இறங்குகின்றன. தூண்களில் சில வார்ப்பிரும்பு, சில கல். கனம் கூடுதலாக விழும் இடங்களில் கல்தூண். கல்லில் பாரிஸ் நகரத்தின் கப்பல் சின்னத்தையும் செதுக்கியிருக்கிறார்கள்.

பின்னல் உத்திரத்தில் எங்கும் வெல்டிங் இருக்காது. பொத்தான் வரிசை மாதிரி உருண்டைத் தலைகள் தெரியும், எல்லாம் ரிவெட். பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாலைக்கும் உத்திரத்துக்கும் குறைந்தது 5.20 மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 1 மீட்டர் எஃகு 1 டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 20 மீட்டர் உத்திரம் கடுங்குளிருக்கும் கோடைக்கும் இடையே 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் அகலம். அதற்கு இடம் கொடுக்காமல் இரண்டு முனையையும் இறுக்கினால் தூணைத் தள்ளிவிடும். அதனால் இப்படிப்பட்ட பாலங்களில் ஒரு முனையை நிலையாக வைத்து, மறுமுனையை நகரும்படி விடுவார்கள். கெடுவது பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான். தண்ணீர் அங்கே தங்கினால் துரு, துருவினால் நகர்வு நின்றுபோகும். பெயிண்ட்டும் வடிகாலும் ஒழுங்காக இருந்தால் இரும்பு நீண்ட காலம் தாங்கும்.

ரயில் போறப்ப கீழ நிக்கறவங்களுக்குக் காது கிழியாதா?

சத்தம் உண்டு, பேச்சை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் தண்டவாளத்தை நேராக இரும்பின் மேல் பதித்திருந்தால் பாலமே மத்தளமாக அதிர்ந்திருக்கும். மேலே சொன்ன ஜல்லியும் செங்கல் வளைவும் அதிர்வைக் குடித்துவிடுகின்றன. கூடுதல் கனத்தைச் சுமக்கப் பாலத்துக்கு அதிக இரும்பு செலவாகும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள்.

பாரிஸ் மெட்ரோன்னா பச்சை இரும்புல கொடி மாதிரி வளைவு இருக்குமே, இங்க காணோமே?

அந்தக் கொடி வளைவுகள் எக்தோர் கிமார் வரைந்தவை. சுரங்கம், பாலம், நடைமேடை எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. தண்டவாளம், மின்சாரம், ரயில், தெருவில் உள்ள நுழைவாயில் ஆகியவை ரயில் ஓட்டும் கம்பெனியின் பொறுப்பு. அப்படித்தான் ஒப்பந்தம். கிமாரை அமர்த்தியது கம்பெனி, ஃபொர்மிழேயை அமர்த்தியது நகராட்சி. லா ஷப்பெல் பாலத்தின் ஒரு பகுதி என்பதால் ஃபொர்மிழேயின் கைவண்ணம்: இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த கூரை, அதைத் தாங்கும் மெல்லிய தூண்கள். கிமாரின் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டால் இதே தடத்தின் மேற்குக் கடைசியான போர்த் தொஃபீனுக்குப் போங்கள். கண்ணாடிக் குடை மாதிரியான பழைய நுழைவாயில் அங்கே அப்படியே நிற்கிறது.

மெட்ராஸ் பறக்கும் ரயில் மாதிரிதானே?

மேலே போகிறது என்பதில் மட்டும். சென்னைப் பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. அதற்கு இடம் கொடுத்தது பக்கிங்ஹாம் கால்வாயின் ஓரம். கட்டியது கான்கிரீட்டில், நிலையங்கள் மிகப் பெரியவை. லா ஷப்பெலின் நடைமேடை அந்தக் கால அளவான 75 மீட்டர்தான், 5 பெட்டி ரயிலுக்கு மிகச் சரியாக இருக்கும். பெட்டியின் அகலமும் 2.4 மீட்டர்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் மின்சாரம். சென்னையில் மேலே கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது. பாரிஸில் மேலே கம்பியே கிடையாது. தண்டவாளத்தின் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்று ஓடும், அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம். கைபேசி கீழே விழுந்தால் குதித்து எடுத்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம், தொட்டால் உயிர் போய்விடும். ஊழியரிடம் சொல்லுங்கள், அதற்கென்று உள்ள கருவியால் எடுத்துத் தருவார்கள். பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏர்போர்ட்ல இறங்கி லா ஷப்பெல் வர்றது எப்படி?

ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் இருந்து ஆர்இஆர் பி என்னும் புறநகர் ரயில் ஏறி, கார் து நோர் என்னும் வடக்கு ரயில் நிலையத்தில் இறங்குங்கள். விமான நிலையச் சீட்டு தனி, சாதாரண மெட்ரோச் சீட்டு அங்கே செல்லாது. 2025 ஜனவரியில் வந்த கட்டணப்படி விமான நிலையச் சீட்டு 13 யூரோவாகவும் நகர மெட்ரோச் சீட்டு 2.50 யூரோவாகவும் இருந்தன. ஆண்டுக்கு ஆண்டு ஏறும், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்வரை சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

கார் து நோரில் இருந்து இரண்டு வழி. உள்ளேயே “2” என்ற நீல வட்டத்தையும் லா ஷப்பெல் என்ற பெயரையும் பின்தொடர்ந்தால் நீண்ட நடைபாதை ஒன்று நிலையத்துக்கே கொண்டுவிடும். குளிரிலும் மழையிலும் அதுவே நல்லது. பெட்டி கனமாக இருந்து, போக வேண்டிய வீடும் கடைத்தெருப் பக்கமே என்றால் தெருவுக்கு ஏறிவிடுங்கள். ஃபொபூர் சேன் துனி தெருவில் வடக்கே நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடங்கும், கறிவேப்பிலை வாசம் வரும். தெரு முடியும் இடத்தில் குறுக்கே தெரிகிற இரும்புப் பாலம்தான் நிலையம். கூட்டத்தில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல ஏறினப்புறம் தப்பான பக்கம் நின்னா எதிர்ப்பக்கம் போக முடியுமா?

கீழே இறங்கி மறுபக்கப் படியில் ஏற வேண்டும். நடுவில் இரண்டு தண்டவாளம், இரு ஓரமும் தனித்தனி நடைமேடை. நடுவே ஒரே நடைமேடை வைத்திருந்தால் குழப்பம் இருக்காது, ஆனால் அதற்குத் தண்டவாளங்கள் இரண்டும் விலகி வளைய வேண்டும், பாலமும் அங்கே அகல வேண்டும். ஓர நடைமேடை என்றால் தண்டவாளம் நேராகப் போய்விடும். கட்டுபவருக்கு அது வசதி, வந்தவருக்குத்தான் படி.

ஏறுவதற்கு முன்பே பலகையைப் பாருங்கள். பெல்வீல், பேர் லஷேஸ் பக்கம் போகிறவர்களுக்கு நசியோன் திசை. சக்ரே கேர் கோயிலுக்கோ எத்துவால் வளைவுக்கோ போகிறவர்களுக்கு போர்த் தொஃபீன் திசை. சக்ரே கேருக்கு மேற்கே இரண்டாவது நிலையமான ஆன்வேரில் இறங்க வேண்டும்.

எந்தப் பக்கம் உட்காந்தா வேடிக்கை பார்க்கலாம்?

பர்பெஸ் நோக்கிப் போகும்போது வலப்பக்கம். வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளக் கூட்டத்தைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில், கீழே இரும்பாறு மாதிரித் தண்டவாளங்களும் தூரத்தில் குன்றின் மேல் சக்ரே கேரின் வெள்ளைக் கோபுரமும் தெரியும். கிழக்கே போகும்போது, ஸ்டாலின்கிராத்தை விட்டதும் இடப்பக்கம் பாருங்கள். வட்டமான பழைய கல் கட்டடம் ஒன்று வரும். முன்பு சொன்ன வரி மதிலின் சுங்கச்சாவடி அது, 1780களில் கட்டடக் கலைஞர் லெதூ கட்டியது. அதை இடிக்காமல் பாலம் அதைச் சுற்றி வளைந்து போகிறது. ரயில் சக்கரம் கிறீச்சிடுவதில் இருந்தே வளைவை உணரலாம்.

இந்த லைன்லதான் தீப்பிடிச்சு நிறைய பேர் செத்தாங்களாமே?

ஆம், தடம் இதே, நிலையம் இது அல்ல. 1903 ஆகஸ்ட் 10 அன்று, இந்தப் பகுதி திறந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், மின்கோளாறால் மரப்பெட்டி ரயில் ஒன்று சுரங்கத்துக்குள் எரிந்தது. பின்னால் வந்த ரயில் கூரோன் நிலையத்தில் நின்றது. கிழக்கே போனால் லா ஷப்பெலில் இருந்து ஐந்தாவது நிலையம் அது. புகை சூழ்ந்தது, விளக்கு அணைந்தது, வெளியேறும் வழி தெரியாமல் மக்கள் மறுமுனைக்கு ஓடினார்கள். அங்கே வாசல் இல்லை. 84 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சடைத்து.

வெளியேறும் வழியைக் காட்டும் விளக்குகளும், ரயில் மின்சாரம் போனாலும் அணையாத தனி மின்சுற்றும் அந்த உயிர்களுக்குப் பின் வந்தவை. பெட்டிகளும் மரத்தில் இருந்து உலோகத்துக்கு மாறின. மேம்பால நிலையத்தில் புகை தானாகவே வானத்துக்குப் போய்விடும். அந்த வகையில் லா ஷப்பெல் பாதுகாப்பானது.

பிள்ளையார் தேர் அன்னிக்கு இதே ஸ்டேஷன்ல இறங்கலாமா?

மாணிக்க விநாயகர் ஆலயம் நிலையத்துக்கு வடக்கே, பஜோல் தெருவில். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தேர் வரும். தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அன்று லா ஷப்பெலின் ஓர நடைமேடைகளும் படிகளும் அவ்வளவு கூட்டத்துக்குப் போதாது. 1903இன் அளவுகள் அவை. 12ஆம் தடத்தில் மார்க்ஸ் தொர்முவா நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்து வருவது நிம்மதி. திரும்பும்போது கார் து நோர் வரை நடந்துவிடுங்கள்.

நம்ம புதுச்சேரி புல்வார்ல இதே மாதிரி கட்டலாமே?

அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது. முதல் காரணம் உப்புக்காற்று. கடற்கரையில் பழைய இரும்புப் பாலத்தின் கால்கள் தண்ணீரில் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். 1866இல் கட்டியது, 1952 புயலில் போனது. இன்று கட்டினால் கான்கிரீட்டில்தான் கட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் கம்பிக்கும் உப்பு ஏறாதபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, மணலும் மேலேயே கிடைக்கும் தண்ணீரும். தூணுக்கு மண்ணில் ஆழமாக இறக்கும் பைல் அடித்தளம் வேண்டும்.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்கு முக்கியம். பாரிஸ்காரர்கள் பாலம் வேண்டும் என்று கட்டவில்லை, இரண்டு தண்டவாளப் பள்ளமும் கால்வாயும் கட்டாயப்படுத்தியதால் கட்டினார்கள், அது முடிந்ததும் கீழே இறங்கிவிட்டார்கள். நம் புல்வாரில் அப்படித் தடுப்பது எதுவும் இல்லை.

ஆயாவுக்கு முட்டிவலி. லிஃப்ட் இருக்கா?

லா ஷப்பெலில் நம்பிப் போகும்படி லிஃப்ட் இல்லை. 2ஆம் தடத்தின் பழைய நிலையங்கள் சக்கர நாற்காலிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு தடம் முழுக்க லிஃப்ட்டோடு இருப்பது 14ஆம் தடம். மேம்பாலத்தில் லிஃப்ட் பொருத்த, நடைமேடை இரண்டாக இருப்பதால் இரண்டு லிஃப்ட் வேண்டும். தாங்குவதற்கோ நடுத்திட்டின் அகலம் மட்டும்தான் இருக்கிறது.

ஆயாவைப் பேருந்தில் அழைத்துப் போங்கள். பாரிஸ் நகரப் பேருந்துகளில் நடுக்கதவில் சாய்தளம் வெளியே நீளும். நிறுத்தத்தில் சக்கர நாற்காலியை நடுக்கதவுக்கு நேராக நிறுத்தி, ஓட்டுநர் பார்க்கும்படி கை காட்டுங்கள். சாய்தளம் முழுதாக நீண்டு நடைபாதையைத் தொட்ட பிறகே சக்கரத்தை உருட்டுங்கள்.